பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறவர்

உலகத்தில் எண்ணத் தெரிந்தவர்கள் இரண்டு வகை. பூஜ்யம் ஒரு வகை, மற்ற எல்லோரும் இன்னொரு வகை. வானத்து நட்சத்திரங்களை யாராவது அவர் மேஜைமேல் கொட்டிவிட்டுப் போனால், ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் எண்ணைப் போட்டு, எதற்கு அடுத்து எது என்று அடுக்கிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுவார். கடல் அலைகள் முட்டி மோதாமல் ஒன்றன்பின் ஒன்றாக வருவதே அவர் ஒருமுறை கரையில் நின்று அதட்டியதால்தான். அவர் தெருவில் நடந்தால் எறும்புகள் வரிசையைச் சரிசெய்துகொள்ளும். இதில் ஒரு சொல்கூட மிகையில்லை. சந்தேகம் இருப்பவர்கள் எறும்பைக் கேட்டுக்கொள்ளலாம்.

கிட்டத்தில் போய்ப் பார்த்தால் ஆள் ஒல்லி. மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் உடைந்துபோய், அக்காவின் தையல் மெஷினிலிருந்து எடுத்த கருப்பு நூலால் கட்டப்பட்டிருக்கும். டயர் கடைக்கு மேல்மாடியில் ஒரு சின்னக் கம்பெனியில் புரோகிராம் எழுதுகிற வேலை. நிஜப் பெயர் வங்கிப் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி வீட்டிலும் ஆபீஸிலும் கீழே டயர் கடையிலும் அவர் பூஜ்யம்தான்.

காரணம், அவருக்கு எதையும் ஒன்றிலிருந்து எண்ண வராது. மாடிப்படியில் முதல் படியை மிதிக்கும்போதே "பூஜ்யம்" என்று முணுமுணுப்பார். பஸ் வரிசையில் மூன்றாவதாக நின்றுகொண்டு "நான் ரெண்டாவது" என்று சொல்லி, நிஜமாகவே இரண்டாவதாக நின்றவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். கல்யாணப் பேச்சு கெட்டுப்போனதும் இதனால்தான். பெண்ணின் அப்பா சும்மா பேச்சுக்கு, "நீங்க எத்தனையாவது பிள்ளை?" என்று கேட்டார்.

"ஒண்ணாவது."

"அப்போ இந்த அம்மா?"

"அவங்க அக்கா. எனக்கு மூத்தவங்க."

"மூத்தவங்கன்னா அவங்கதானே ஒண்ணாவது?"

"இல்லீங்க. அவங்க பூஜ்யமாவது."

காபித் தட்டோடு நின்ற அக்கா, "என்னை ஒண்ணுமில்லாம ஆக்கிட்டியேடா பாவி" என்று சிரிக்க ஆரம்பித்து, தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்து, நிமிர்ந்து பார்ப்பதற்குள் பெண்வீட்டார் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு யாரும் பெண் பார்க்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

அக்கா தையற்காரி. வீட்டின் முன்னறையில் மெஷின், துணிமூட்டைகள், அளவு நாடா, ஜன்னலோரம் அத்தானின் மர நாற்காலி. அத்தான் இறந்துபோனபின் அந்த நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை. தைக்க வருகிறவர்கள் தெரியாமல் உட்காரப் போனால், அக்கா அவசரமாக அதன்மேல் ஒரு துணியைப் போட்டுவிடுவாள். பின்னறை பூஜ்யத்துக்கு. அவர் பின்னறையில் படுத்துக்கொண்டே அக்கா முன்னறையில் மெஷினோடு பேசுவதைக் கேட்பார். "இப்ப ஏன் நூலை அறுக்கிறே? உனக்கு என்ன குறை வெச்சேன்?" மெஷின் பதில் சொல்லாது. அக்கா அதற்கும் சேர்த்துப் பேசுவாள்.

அவருடைய வேலையைப் பற்றி ஒரே ஒரு சங்கதி தெரிந்தால் போதும். கம்ப்யூட்டருக்குச் சொல் பிடிக்காது, எண்தான் பிடிக்கும். அதனால் ஒரு பொருள் இருக்கக்கூடிய நிலைகளுக்கெல்லாம் வரிசையாகப் பெயர் வைத்து, ஒவ்வொரு பெயருக்கும் மாறாத ஓர் எண்ணை ஒட்டிவிடுவார்கள். அவர் எழுதுகிற மொழியில் இதற்கு ஒரு சோம்பேறி வசதி உண்டு. முதல் பெயருக்குப் பக்கத்தில் 'இங்கிருந்து எண்ணிக்கொள்' என்கிற மாதிரி ஒரு சின்னச் சொல்லைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. அந்தப் பெயருக்குப் பூஜ்யம் என்று ஆகிவிடும். அதற்குக் கீழே வெறும் பெயர்களை மட்டும் எழுதிக்கொண்டே போகலாம். ஒன்று, இரண்டு, மூன்று என்று மெஷினே தானாகக் கொடுத்துக்கொண்டு வரும்.

வசதி என்றால் அதில் ஒரு முள்ளும் இருக்கும். நடுவில் ஒரு பெயரை உருவிவிட்டால் கீழே இருக்கிற பெயர்கள் எல்லாம் சத்தமில்லாமல் ஆளுக்கொரு இடம் மேலே நகர்ந்து உட்கார்ந்துகொள்ளும். பழைய எண்ணை நம்பி ஏற்கெனவே பதிந்து வைத்ததெல்லாம் அப்படியே இருக்கும், அதன் அர்த்தம் மட்டும் மாறிப்போயிருக்கும். இதற்கு மருந்தும் சுலபம். பெயரை எடுத்தாலும் அந்த இடத்தில் ஒரு அடிக்கோடு போட்டு வைக்க வேண்டும். கம்பெனிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே பூஜ்யம் இதைத்தான் சொல்லிக்கொடுப்பார். "போனவங்க பேரை அழிச்சுக்கோங்க. நாற்காலியை மட்டும் தூக்கிடாதீங்க. தூக்கினீங்கன்னா பின்னாடி நிக்கிற எல்லாரும் வேற ஆளாயிடுவாங்க."

அவருக்குத் தெரியாமல் நடந்ததில்லை இது. தெரிந்தவர் கையால்தான் நடந்தது.

ஊருக்கு வெளியே, லாரிகளை எடை போடுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நாய்க் காப்பகம் இருக்கிறது. தகரக் கூரை, சிமெண்டுத் தரை, இரண்டு பக்கமும் கூண்டுகள், மூக்கைப் பிடுங்குகிற ஃபினாயில் வாசனை. அங்கே ஓடுகிற புரோகிராம் பூஜ்யம் எழுதியது. தினமும் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் ஒவ்வொரு கூண்டுக்கும் ஓர் அட்டை அச்சாகி வரும். அதில் அந்த நாயின் நிலை இருக்கும். அவர் எழுதிவைத்த வரிசை இது: புதுவரவு, தனியறை, வெளிவளர்ப்பு, வீடு தேடுகிறது, வீடு கிடைத்தது, ஊசி. வெளிவளர்ப்பு என்றால் கொஞ்ச நாளைக்கு யாராவது வீட்டில் விட்டுவைப்பது. புதுவரவுக்குப் பூஜ்யம், அப்படியே ஏறிக்கொண்டு போய் ஊசிக்கு ஐந்து. இந்த ஊசி காய்ச்சலுக்குப் போடுகிற ஊசி இல்லை. அதைப் போட்டுக்கொண்ட நாய்க்கு மறுநாள் அட்டை வராது.

காப்பகத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. அட்டை சொன்னதுதான், அட்டையை யாரும் கேள்வி கேட்கக் கூடாது. இது மேலிடத்துக் கெடுபிடி இல்லை, அங்கே வேலை செய்கிறவர்களே விரும்பிப் போட்டுக்கொண்டது. முன்பெல்லாம் எந்த நாய்க்கு ஊசி என்று தினம் சண்டை நடக்கும். ஒரு அம்மாள் ஒரு நாயைத் தீவனக் கிடங்கில் ஒளித்து வைத்து வளர்த்தாள். இன்னொருத்தர் தினம் அழுதுவிட்டு வேலையையே விட்டுப் போனார். அட்டை வந்ததும் எல்லோருக்கும் நிம்மதி. அட்டையைப் பார்க்க வேண்டியது, கூண்டைத் திறக்க வேண்டியது. முடிவெடுத்த கை தன் கை இல்லை என்று ஒவ்வொருத்தரும் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னலாம்.

அங்கே கூண்டு கழுவுகிறவர் பெயர் கம்பளி. வேகாத வெயிலிலும் கம்பளிச் சட்டையைக் கழற்ற மாட்டார். நாய் பிறாண்டினால் தோலுக்குப் பதில் நூல் போகட்டும் என்பது அவருடைய கணக்கு. அக்கா வெட்டுத்துணிகளைச் சேர்த்து அந்தக் கூண்டுகளுக்குப் படுக்கை விரிப்புகள் தைத்துக் கொடுப்பது வழக்கம். அப்படி ஒருநாள் விரிப்புகளைச் சுமந்துகொண்டு போனபோதுதான் கோடிக் கூண்டிலிருந்து ஒரு நாய் அவள் கழுத்தில் கிடந்த அளவு நாடாவைப் பிடித்து உள்ளே இழுத்தது. பழுப்பு நிறம். நெற்றியில் வட்டமாக ஒரு வெள்ளை, அதற்குள் கருப்பாக இரண்டு புள்ளி. சட்டையிலிருந்து தெறித்து வந்து ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. அக்கா அந்த இடத்திலேயே அதற்குப் பித்தான் என்று பெயர் வைத்துவிட்டாள்.

அன்றைக்கு வீடு திரும்பிய அக்கா மெஷினோடு பேசவில்லை. தம்பியோடு பேசினாள். "நாடாவைப் பிடிச்சுக்கிட்டு விடவே மாட்டேங்குதுடா. இடுப்பளவு எடுக்கப் பார்க்குது போல." இரண்டு மூன்று வருஷத்துக்கப்புறம் அவள் ஒரு பாட்டை மெல்ல இழுப்பதைப் பூஜ்யம் கேட்டார். பின்னறையில் படுத்தபடியே அவர் முடிவு செய்துவிட்டார், அந்த நாய் இந்த வீட்டுக்கு வந்தே ஆக வேண்டும்.

தடையாக இருந்தது வீட்டுக்காரர். மாடியில் குடியிருக்கிறவர். "நாய் வந்தா நான் இந்த வீட்டைவிட்டே போயிடுவேன்மா" என்றார்.

"போங்களேன். மாடியையும் சேர்த்துப் பெருக்கிக்கிறேன்" என்றாள் அக்கா.

பேசிப் பேசி ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அக்கா தன்னிடமிருந்த ஒரே ஆயுதத்தை எடுத்தாள். வீட்டுக்காரருக்கு வயிறு மாசாமாசம் வளர்கிற வகை. அவருடைய கால்சட்டைகளின் இடுப்பை எல்லாம் அவள்தான் பிரித்து விட்டுத் தைப்பாள். இனிமேல் பிரிக்க மாட்டேன் என்றுவிட்டாள். வீட்டுக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நாள் நடமாடினார். பிறகு ஒரு மத்தியானம், நாய் வளர்க்கச் சம்மதம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பிரிக்க வேண்டிய இரண்டு கால்சட்டைகளையும் மெஷின்மேல் வைத்துவிட்டுப் போனார்.

அதே மத்தியானம், டயர் கடை மாடியில் கம்பெனி முதலாளி பூஜ்யத்தின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "காப்பகத்துக்காரங்க பேசினாங்க. அந்த வெளிவளர்ப்புன்னு ஒண்ணு இருக்கே, அதை எடுத்துடச் சொல்றாங்க. இன்னிவரைக்கும் ஒரு நாய்க்குக்கூட யாரும் அதைப் போட்டதில்லையாம். சும்மா நடுவுல நந்தி மாதிரி நிக்குதுன்னாங்க."

"ரெண்டு நிமிஷ வேலை சார்."

வரிசையைத் திறந்தார். வெளிவளர்ப்பு என்ற வரியை அழித்தார். அந்த இடத்தில் அடிக்கோடு போட விரல் போனது. அப்போது போன் அடித்தது.

"டேய், சரின்னுட்டார்டா!"

"யாருக்கா?"

"மாடிக்காரர்! கடுதாசியை வாங்கிக்கிட்டு நேரா இங்க வந்துட்டேன். கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு. வீடு கிடைத்ததுன்னு திரையில வருதுடா, என் கண்ணால பார்த்தேன். நீ எழுதினதுதானே அது?"

"நான்தான்க்கா."

"நல்லா எழுதியிருக்கே. எழுத்து பெருசா, பார்க்க அழகா இருக்கு. நாளைக்கு அதைக் குளிப்பாட்டி, தடுப்பூசி போட்டுத் தருவாங்களாம். சாயங்காலம் வரும்போது கழுத்துப் பட்டை வாங்கிட்டு வா. சிவப்பு வாங்கு. பழுப்புக்குச் சிவப்புதான் எடுக்கும்."

போனை வைத்தபோது அவர் முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்த்து முதலாளியே, "என்ன பூஜ்யம், திரும்பவும் பொண்ணு பார்க்கிறாங்களா?" என்று கேட்டார். பூஜ்யம் திரையைப் பார்த்தார். வரி அழிந்திருந்தது, வரிசை சுத்தமாக இருந்தது. சோதனைகளை ஓட்டினார். எல்லாமே தேறின. தேறாமல் என்ன செய்யும்? சோதனைகள் பெயரைத்தான் கேட்கும். பெயர்கள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. காப்பகத்துக் கம்ப்யூட்டருக்குள் ஏற்கெனவே பதிந்து கிடந்த எண்களை எந்தச் சோதனையும் கேட்கவில்லை. புதிய புரோகிராமை அனுப்பிவிட்டுக் கிளம்பினார். படியிறங்கும்போது எண்ணக்கூட மறந்துபோனார். கீழே டயர் கடைக்காரரிடம், "நாளைக்கு எங்க வீட்டுக்கு ஆள் வருது" என்று சொல்லிவிட்டுச் சிவப்புப் பட்டை தேடிப் போனார்.

மறுநாள் காலையில் காப்பகத்தில் கம்ப்யூட்டரைப் போட்டதும் புதிய புரோகிராம் ஏறிக்கொண்டது. அட்டைகள் அச்சாகி வந்தன. நடுவில் ஒரு பெயர் போய்விட்டதால் மூன்று என்று பதிந்திருந்த நாய்களுக்கெல்லாம், அதாவது வீடு தேடிக்கொண்டிருந்தவைக்கெல்லாம், வீடு கிடைத்தது என்று வந்தது. நான்கு என்று பதிந்திருந்தவை, அதாவது நிஜமாகவே வீடு கிடைத்தவை, ஊசி என்று வந்தன. ஐந்து என்ற எண்ணுக்கு ஒரு பெயரே இப்போது இல்லாததால், ஊசிக்குக் காத்திருந்த கிழடுகளுக்கு வெற்று அட்டை வந்தது.

வழக்கமான டாக்டரம்மா அன்றைக்கு விடுப்பு. பதிலுக்கு வந்திருந்தவருக்கு எந்த நாயையும் தெரியாது. கம்பளிக்குத் தெரியும். ஆனால் கம்பளி அட்டைகளைப் பார்த்துச் சந்தோஷத்தில் மிதந்துகொண்டிருந்தார். அத்தனை வருஷ வேலையில் ஒரே காலையில் இத்தனை நாய்க்கு வீடு கிடைத்து அவர் பார்த்ததில்லை. ஒவ்வொரு கூண்டாகப் போய், "உனக்குக் கிடைச்சிருச்சுடா, உனக்கும்தான்டா" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், கோடிக் கூண்டின் அட்டையைப் படித்ததும் நின்றார். அட்டையைக் கேள்வி கேட்கக் கூடாது. அவர் கேட்கவில்லை. தீவனக் கிடங்குக்குள் போய் அக்காவுக்குப் போன் மட்டும் செய்தார்.

"அக்கா, நான் கம்பளி பேசறேன். தப்பா எடுத்துக்காதீங்க. ஏன் வேண்டாம்னுட்டீங்க?"

"எதை?"

"பித்தானைத்தான். ஊசி அட்டை வந்திருக்கே. இன்னிக்கு எல்லாத்துக்கும் வீடு கிடைச்சிருக்கு, உங்களோடதுக்கும் இன்னும் மூணுக்கும் மட்டும்தான் இப்படி. வீட்டுக்காரர் திரும்ப மாட்டேன்னுட்டாரா? இருங்க, டாக்டர் கூப்பிடறாரு."

அக்கா மெஷின் மிதிப்பலகையிலிருந்து காலை எடுக்காமலே கத்தினாள். "டேய்! இங்க வா!"

பூஜ்யம் வாய் நிறையப் பற்பசை நுரையோடு வந்தார். அவள் சொன்னதைக் கேட்டார். ஊசி என்ற இடத்தில்கூட அவர் முகம் மாறவில்லை, ஏதோ குளறுபடி, போன் போட்டுச் சொன்னால் போச்சு என்பது போல நின்றார். "எல்லாத்துக்கும் வீடு கிடைச்சிருக்காம்" என்று அக்கா சொன்னபோதுதான் மாறியது.

"எல்லாத்துக்குமா? அப்படியா சொன்னான்?"

"ஆமாடா. ஏன்?"

அவர் கையை நீட்டி, காற்றில் மேலிருந்து கீழாகத் தொட்டுக்கொண்டு வந்தார். புதுவரவு, தனியறை... மூன்றாவது தொடுதலில் விரல் நின்றது. நுரை தாடையில் வழிந்தது. துடைக்கவில்லை. "அடிக்கோடு போடல" என்றார். அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நான் போடல அக்கா. நீ போன் பண்ணினே. நான் போடல."

காப்பகத்துக்குப் போன் போட்டார்கள். காலையில் அங்கே நாய்களின் குரைப்பில் இடி விழுந்தாலும் கேட்காது. மணி அடித்து அடித்து ஓய்ந்தது. கம்பளியின் போனும் அப்படியே. பூஜ்யம் சட்டைகூட மாற்றாமல் சைக்கிளை எடுத்தார். எடை மேடைக்கு முன்னால் லாரிகள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு லாரிகளுக்கு நடுவே புகுந்து ஓடினார். வாழ்க்கையில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. கண்ணாடியின் நூல் அவிழ்ந்து ஒரு காதில் தொங்கியது.

ஊசி அறையின் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. நான்கு அட்டைகளில் மூன்று முடிந்து, நாலாவதாகப் பித்தான் மேஜைமேல் நின்றுகொண்டிருந்தது. டாக்டர் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தார். பூஜ்யம் உள்ளே பாய்ந்து நாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "அட்டை தப்பு, அட்டை தப்பு" என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. பித்தான் அவர் தாடையில் காய்ந்திருந்த பற்பசையை நக்கியது. இப்போது அது அக்காவின் மெஷினுக்கடியில் சிவப்புப் பட்டையோடு படுத்துக்கொண்டு, நூல்கண்டுகளை உருட்டிக் கொண்டிருக்கிறது.

ஆனால் மற்ற மூன்றும் சுவரோரம் வரிசையாகக் கிடந்தன. அவற்றின்மேல் போர்த்தியிருந்தது அக்கா தைத்த விரிப்புகள்.

"அட்டையில இருந்துச்சு. செஞ்சேன். என்னை எதுக்குப் பார்க்கறீங்க?" என்றார் டாக்டர். அவர் சொன்னதில் தப்பில்லை. அதற்காகத்தானே அந்த அட்டையே.

கம்பளி வாசலில் நின்றிருந்தார். பூஜ்யம் அவருக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னார். எண் மாறவில்லை, பெயர்தான் நகர்ந்தது என்று சுவரில் விரலால் எழுதிக்கூடக் காட்டினார். கம்பளி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ மத்ததுக்கு எதுக்கும் வீடு கிடைக்கலையா?" என்றார்.

"இல்ல."

"நான் ஒவ்வொண்ணுகிட்டயும் போய்ச் சொன்னேனே சார்."

பூஜ்யம் அங்கேயே, தீவனக் கிடங்கின் மேஜையில் உட்கார்ந்து புரோகிராமைச் சரிசெய்தார். ஒரே ஓர் அடிக்கோடு. சாவிப்பலகையில் ஒரு தட்டு. எல்லா அட்டைகளும் பழையபடி வந்தன. வெற்று அட்டை வந்த கிழட்டு நாய்களுக்கும் பழையபடியே ஊசி என்று வந்தது. அன்றைக்கு மட்டும் அந்த அறைக்குள் இனிமேல் யாரும் போவதில்லை என்று கம்பளி கதவைப் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அந்தக் கிழடுகளில் ஒன்று, வருகிறவர் போகிறவரை எல்லாம் கடிக்கிற ஒற்றைக்கண்ணன். அது இன்னும் உயிரோடு இருக்கிறது, இன்னும் கடிக்கிறது.

முதலாளி அன்று மத்தியானமே பூஜ்யத்தைத் தனியாகக் கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை.

"மின்சாரம் போய் வந்ததுல ஏதோ கோளாறுன்னு சொல்லிடலாம். காப்பகத்துக்காரங்களும் அதைத்தான் விரும்பறாங்க. அவங்களுக்கும் பேர் கெடக் கூடாதில்ல?"

"மின்சாரம் போகலையே சார்."

"தெரியும்யா. நாய்தானே பூஜ்யம், மனுஷனா என்ன?"

"நான் அந்த வீடுகளுக்குச் சொல்லணும் சார். இன்னிக்குக் கூட்டிட்டுப் போக வருவாங்க."

"சொல்லு. கோளாறுன்னு சொல்லு."

அவர் போனில் கோளாறு என்று சொல்லவில்லை. "நான்தான் அந்தப் புரோகிராமை எழுதினவன். நான் செஞ்ச தப்புல உங்க நாய் செத்துப்போச்சு" என்று சொன்னார். முதல் வீட்டில் எடுத்தவர் ரொம்ப நேரம் கத்தினார். பூஜ்யத்துக்கு அது சௌகரியமாக இருந்தது. இரண்டாவது வீட்டில் ஒரு வயதானவர், காது சரியாகக் கேட்காதவர். "அப்போ எப்ப வந்து கூட்டிட்டுப் போகட்டும்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பூஜ்யம் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது, ஆபீஸ் முழுக்கக் கேட்டது, கீழே டயர் கடையில்கூடச் சுத்தியல் சத்தம் நின்றுபோனது. மூன்றாவது வீட்டில் ஒரு பெண் கேட்டுவிட்டு, "வலிச்சிருக்குமா?" என்று மட்டும் கேட்டாள். "இல்லம்மா" என்றார். அது அவருக்குத் தெரியாது. அன்றைக்கு அவர் சொன்னதில் அது ஒன்றுதான் நிச்சயமில்லாதது.

வேலை போகவில்லை. அந்தப் புரோகிராமைப் புரிந்துகொள்ள வேறு ஆள் இல்லை என்பதால் முதலாளி வைத்துக்கொண்டார். தினமும் அதே மேஜை, அதே திரை. இப்போதெல்லாம் அவர் எந்த வரிசையிலும் மெஷினை எண்ண விடுவதில்லை. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் எண்ணைத் தன் கையாலேயே எழுதுகிறார். பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று வாய்விட்டுச் சொல்லி எழுதுகிறார். எழுதிவிட்டுக் கீழிருந்து மேலாக ஒருமுறை படிக்கிறார். ஆபீஸில் யாரும் அவரை இப்போது பூஜ்யம் என்று கூப்பிடுவதில்லை, சார் என்கிறார்கள். டயர் கடைக்காரர் மட்டும் ஒருமுறை பழக்கதோஷத்தில் கூப்பிட்டுவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டார். கம்பளி வேலையை விட்டுவிட்டார். எங்கே போனார் என்று காப்பகத்தில் கேட்டால் தெரியவில்லை என்கிறார்கள்.

நான் இவ்வளவையும் எழுதிவிட்டு, சம்பந்தப்பட்டவரிடமே காட்டாமல் விடுவது நியாயமில்லை என்று கொண்டுபோய்க் கொடுத்தாயிற்று. எறும்புச் சமாச்சாரத்துக்காவது சிரிப்பார் என்று ஒரு நப்பாசை. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தார். எறும்புக்குச் சிரிக்கவில்லை. கல்யாணப் பேச்சுக்கு மூக்கால் ஒரு சத்தம் விட்டார். பிறகு விரல் ஊசி அறை வருகிற இடத்தில் நின்றது.

"ஏய் வாலு. கதவு திறந்திருந்ததா?"

நான் பேனா மூடியைத் திருகினேன்.

"மூடியிருந்துச்சு. நீயும்தானே சைக்கிள்ல பின்னாடி உக்காந்து வந்தே. நான் தட்டினேன், நீயும் தட்டினே. திறக்கும்போது நாலும் சுவரோரமா கெடந்துச்சு. பித்தான் ரெண்டாவதா. நாலு வீட்டுக்குச் சொன்னேன்டி, மூணு இல்ல. நாலாவதை உங்கம்மாகிட்டச் சொல்ல முடியாமத்தான் வீட்டுக்குப் போகாம அன்னிக்கு முழுக்க ஆபீஸ்ல உக்காந்திருந்தேன்."

"கதைதானே மாமா. ஒண்ணை மாத்தினா என்ன இப்போ?"

முன்னறையில் அம்மாவின் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது நிற்கிறதா என்று அவர் காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகு தாள்களை மடித்து நீட்டினார்.

"கதைன்னா நாலையும் காப்பாத்தியிருக்கலாமே. நம்ம நாயை மட்டும் காப்பாத்திக்கிட்டு, மத்தவங்களுதைச் சாக விட்டுட்டியேடி."